ஒரு நூலும் பேனாவும் போதும்: பெருமூளைப் புறணியைத் தலைமேல் வரைந்து பழகும் வழி

கறிக்கடையில் ஆட்டு மூளை வாங்கிய யாருக்கும் பெருமூளைப் புறணியின் தோற்றம் புதிதல்ல. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை உரித்தால் மேடும் பள்ளமுமாக ஒரு மேற்பரப்பு தெரியுமே, அதுதான். மனிதனுக்கு மடிப்புகள் இன்னும் கூடுதல், பள்ளங்கள் இன்னும் ஆழம். டாக்டர்கள் கார்டெக்ஸ் என்பார்கள். லத்தீனில் அதற்கு மரப்பட்டை என்று பொருள். தமிழில் புறணி என்பதும் பட்டைதான். (திண்ணையில் உட்கார்ந்து பேசும் புறணி வேறு. ஆனால் அதைப் பேசவும் இந்தப் புறணி வேண்டும்.)

இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் முதலில் கைக்கு வருவது ஓர் அட்டவணை. இந்த மடல் பார்வைக்கு, அந்த மடல் கேட்பதற்கு, முன்னால் இருப்பது சிந்தனைக்கு. பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துபோகும். மறப்பதுகூடப் பரவாயில்லை, மூளையை அரசு அலுவலகம் மாதிரி துறைக்கு ஓர் அறை என்று நினைக்க வைத்துவிடுகிறது, அதுதான் வம்பு. புறணியைப் பழக நல்ல வழி, புது ஊரைப் பழகுவதுபோலப் பழகுவது. முதலில் இரண்டு பெரிய தெருக்கள். அப்புறம் யாருக்குப் பக்கத்து வீடு யார். அப்புறம் எந்த வீட்டுக்கு எங்கிருந்து கம்பி வருகிறது, எங்கே போகிறது. இந்த மூன்றும் பிடிபட்டால் மீதியில் பாதியை நீங்களே ஊகித்துவிடுவீர்கள்.

தேவையானவை: தையல்காரர் டேப் (இல்லையென்றால் நூல்), கழுவினால் போகும் ஸ்கெட்ச் பேனா, இரண்டு ஏ4 தாள், ஒரு ஹேர்பின், தலையைக் காட்டப் பொறுமையுள்ள ஒருவர். மொட்டை போட்டுவிட்டு வந்தவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

படி 1: தாளைக் கசக்குங்கள்

இரண்டு ஏ4 தாள்களைப் பக்கம் பக்கமாக ஒட்டுங்கள். ஒரு பக்க மூளையின் புறணியை விரித்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான் வரும். இரண்டு பக்கமும் சேர்த்து 2,000 முதல் 2,500 சதுர செ.மீ. கனம் இடத்துக்கு இடம் மாறும், சராசரியாக 2.5 மி.மீ.; சப்பாத்திக் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஒட்டிய தாளைக் கசக்கி உங்கள் கைமுட்டியைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாக்குங்கள். வெளியே தெரியும் பகுதி எவ்வளவு, உள்ளே மறைந்த பகுதி எவ்வளவு என்று பாருங்கள். உண்மையான புறணியிலும் மூன்றில் இரண்டு பங்கு பள்ளங்களுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. படங்களில் நாம் பார்ப்பது மீதி ஒரு பங்கை மட்டும்.

இந்தச் சப்பாத்திக்குள் சுமார் 1,600 கோடி நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், இருக்கின்றன. மூளை முழுவதும் எண்ணினால் சுமார் 8,600 கோடி. கணக்கு இடிக்கிறதே என்று தோன்றும். மீதியில் பெரும்பங்கு, சுமார் 6,900 கோடி, பின்னால் கீழே தொங்கும் சிறுமூளையில் இருக்கிறது. ஆக, தலை எண்ணிக்கையை வைத்து யார் பெரியவர் என்று சொல்ல முடியாது. புறணியின் பலம் இணைப்பில். தாளுக்கு அடியில் இருக்கும் வெண்மைப் பகுதி முழுக்கக் கம்பிகள். கொழுப்பு உறை போட்டிருப்பதால் வெள்ளையாகத் தெரிகிறது. இடது பாதியையும் வலது பாதியையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற பட்டையில் மட்டும் சுமார் 20 கோடி இழைகள்.

மடிப்பு ஏன்? கருவில் பாதிக் காலம் வரை மூளை மொழுமொழுவென்றுதான் இருக்கும். வெளித் தாள் உள்ளே இருப்பதைவிட வேகமாக வளரும்போது சுருங்கி மடிகிறது. அந்தக் காலகட்டத்தை நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமானால் சென்னையிலேயே ஒரு பொக்கிஷம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களைச் சேர்ந்த கருமூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களின் படங்களை 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் உலகத்துக்குத் திறந்துவிட்டது.

படி 2: இரண்டு பெரிய தெருக்கள்

இப்போது டேப்பை எடுங்கள். இரண்டு புருவங்களுக்கு நடுவே மூக்கு தொடங்கும் குழியில் ஒரு முனையை வையுங்கள். நடு வகிடு வழியாகத் தலையைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோய், பிடரிக்கு மேலே விரலில் தட்டுப்படும் எலும்பு முண்டில் நிறுத்துங்கள். பெரியவர்களுக்கு இது 35 செ.மீ. அருகில் இருக்கும். மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுப்பவர்கள் மின்முனைகளை ஒட்டும் முன் அளப்பதும் இதே கோட்டைத்தான்.

இந்த நீளத்தின் சரிபாதியில் ஒரு புள்ளி. அதிலிருந்து 2 செ.மீ. பின்னால் இன்னொரு புள்ளி. இந்த இரண்டாவது புள்ளிக்கு அடியில்தான் நடுப்பள்ளம் தொடங்குகிறது. கோட்டில் முக்கால் பங்கு தூரத்தில் மூன்றாவது புள்ளி.

மூன்றாவது புள்ளியிலிருந்து கண்ணின் வெளி ஓரம் வரை பக்கவாட்டில் ஒரு கோடு இழுங்கள். அதன்மேல்தான் பக்கப்பள்ளம் ஓடுகிறது, சில்வியன் பள்ளம் என்றும் சொல்வார்கள். கோடு உச்சிவரை போனாலும் பள்ளம் காதுக்குப் பின்னால், சற்று மேலேயே முடிந்துவிடும். இனி இரண்டாவது புள்ளியிலிருந்து, கண்ணுக்கும் காதுக்கும் இடையே ஓடும் கன்ன எலும்பின் நடுவை நோக்கி ஒரு கோடு. அது பக்கப்பள்ளக் கோட்டைத் தொடும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதுதான் நடுப்பள்ளம், மேலிருந்து கீழே வரும்போது முன்பக்கமாகச் சாய்ந்து வரும்.

ஸ்கேன் வராத காலத்தில் அறுவை மருத்துவர்கள் மண்டையைத் திறக்கும் முன் இப்படித்தான் கோடு போட்டார்கள். ஆளுக்கு ஆள் ஒரு செ.மீ. முன்பின் இருக்கும் என்பதால் இன்று எம்ஆர்ஐ வழிகாட்டுகிறது. ஆனால் கையால் வரைந்து பார்த்தவருக்கு இந்த இரண்டு கோடும் ஜென்மத்துக்கும் மறக்காது.

படி 3: நாலு மடல், ஒரு தீவு

கோடுகள் கிடைத்துவிட்டதால் இது சுலபம். நடுப்பள்ளத்துக்கு முன்னால் இருப்பதெல்லாம் நெற்றி மடல். புறணியில் மூன்றில் ஒரு பங்கு இதுவே. பின்னால், உச்சியில் இருப்பது உச்சி மடல். பக்கப்பள்ளத்துக்குக் கீழே, காதுக்கு மேல், பொட்டு மடல். கடைசியில் பிடரி மடல். பாடநூல்களில் மடலுக்குப் பதில் கதுப்பு என்று பார்த்திருக்கலாம், இரண்டும் ஒன்றுதான். பக்கப்பள்ளத்தின் உதடுகளை விரித்தால் உள்ளே இன்சுலா, அதாவது தீவு, என்ற பகுதி தெரியும். நாக்கின் சுவை, நெஞ்சுப் படபடப்பு, வயிற்றைப் பிரட்டுவது போன்ற உடம்பின் உள்சேதிகள் அங்கே வந்து சேர்கின்றன.

மடல்களின் பெயர்கள் அவற்றின் மேலே இருக்கும் மண்டை எலும்புகளிலிருந்து வந்தவை, வேலையிலிருந்து வந்தவை அல்ல. அதனால் ‘இந்த மடலின் வேலை என்ன’ என்ற கேள்வியே கொஞ்சம் கோணலானது. ஒரு தாலுகாவின் வேலை என்ன என்று கேட்பதுபோல.

படி 4: முன்னால் செயல், பின்னால் உணர்வு

நடுப்பள்ளக் கோட்டின்மேல் விரலை வையுங்கள். விரலுக்கு முன்னால் இருக்கும் மேட்டிலிருந்துதான் தசைகளுக்குக் கட்டளை போகிறது. விரலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டுக்குத்தான் தோலிலிருந்து சேதி வருகிறது. ஒரே பள்ளத்தின் இரண்டு கரைகள். இந்த ஒரு விதியைப் புறணி முழுவதற்கும் தோராயமாக நீட்டலாம்: முன்பாதி செய்கிறது, பின்பாதி உணர்கிறது. கூடவே இன்னொரு விதி: இடது மூளை வலது உடம்பை, வலது மூளை இடது உடம்பை.

புறணியைத் தூண்டினால் உடம்பு அசையும் என்று முதலில் காட்டியவர்கள் ஃப்ரிட்ஷ், ஹிட்ஸிக் என்ற இரண்டு ஜெர்மானியர்கள். 1870இல் நாயின் புறணியில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சினார்கள். எதிர்ப்பக்கக் கால் அசைந்தது. மனிதனில் இதை ஊர் அளப்பதுபோல அளந்தவர் கனடாவின் மான்ட்ரியாலில் வேலை செய்த வைல்டர் பென்ஃபீல்டு. வலிப்பு நோய்க்கான அறுவையின்போது நோயாளி விழித்தே இருப்பார். தலைத்தோலை மரக்கச் செய்தால் போதும், மூளைக்கு வலி தெரியாது. ஒவ்வோர் இடமாக மின்முனையை வைத்து ‘இப்போது என்ன தெரிகிறது?’ என்று கேட்டுக் குறித்துக்கொண்டே போனார். 1937இல் போல்ட்ரே என்ற மருத்துவருடன் சேர்ந்து அந்த வரைபடத்தை வெளியிட்டார்.

வரைபடத்தில் மனிதன் தலைகீழாகத் தொங்குகிறான். உச்சி வகிடைத் தாண்டி இரண்டு பாதிகளுக்கும் நடுவிலான சுவரில் கால். கோட்டில் கீழே வர வர இடுப்பு, தோள், கை, விரல்கள், அப்புறம் முகம், கடைசியில் நாக்கு. கைக்குப் பக்கத்து வீடு முகம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், படி 9இல் தேவைப்படும். இன்னொரு விசித்திரம், அளவு. உதடும் விரல்களும் பூதாகாரமாக இருக்கும், முதுகுக்குக் கைக்குட்டை அகலம்கூடக் கிடைக்காது.

இதை ஹேர்பின்னை வைத்துச் சோதிக்கலாம். இரு முனைகளையும் 5 மி.மீ. இடைவெளியில் விரித்து, கண்ணை மூடிய நண்பரின் ஆள்காட்டி விரல் நுனியில் மெல்லத் தொடுங்கள். இரண்டு முனை என்று உடனே சொல்லிவிடுவார். அதே இடைவெளியில் முதுகில் தொட்டால் ஒன்று என்பார். இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போங்கள். முதுகில் 4 செ.மீ. வந்தால்தான் பலருக்கு இரண்டாகத் தெரியும். விரல்நுனியில் 2, 3 மி.மீ.யே போதும். தோலில் உணர்வு நரம்பு எவ்வளவு நெருக்கமோ, புறணியில் அவ்வளவு இடம்.

பென்ஃபீல்டின் மனிதனை அப்படியே நம்பவும் வேண்டாம். 2023இல் வெளிவந்த ஒரு நுண் எம்ஆர்ஐ ஆய்வு, செயல் பட்டை (நடுப்பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் அந்த மேடு) கால், கை, வாய் என்று ஒரே தொடர்ச்சியாக இல்லை என்று காட்டியது. இந்த மூன்றுக்கும் இடையிடையே, குறிப்பிட்ட உறுப்பு எதையும் சேராத இடங்கள் வருகின்றன. அவை ஒன்றோடொன்று இணைந்து, உடம்பு முழுவதையும் ஒருங்கே அசைக்கும் திட்டமிடலில் பங்கெடுப்பதாகத் தெரிகிறது.

எம்ஆர்ஐ படத்தில் இந்தப் பட்டையைக் கண்டுபிடிக்க ரேடியாலஜிஸ்ட்டுகள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். கையை அசைக்கும் இடத்தில் மேடு ஒரு குமிழ்போலப் பின்னால் புடைத்திருக்கும், கிரேக்க எழுத்து ஒமேகாவைக் கவிழ்த்ததுபோல. அதைப் பிடித்தால் நடுப்பள்ளம் கிடைத்துவிடும்.

படி 5: குறுக்கே வெட்டிப் பாருங்கள்

இதுவரை மேலிருந்து பார்த்தோம். சப்பாத்தியைக் குறுக்கே வெட்டி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், புறணியின் பெரும்பகுதியில் ஆறு அடுக்குகள் தெரியும். எண்ணிக்கை மேலிருந்து கீழே.

மனப்பாடம் செய்ய வேண்டாம். போக்குவரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நாலாவது அடுக்கு வாசல்: கண், காது, தோல் சேதிகள் எல்லாம் மூளையின் நடுவிலிருக்கும் தலாமஸ் வழியாக இங்கேதான் வந்து இறங்கும். இரண்டும் மூன்றும் ஊருக்குள்ளேயே பேசிக்கொள்பவை, புறணியின் மற்றப் பகுதிகளுக்கும் எதிர்ப்பாதிக்கும் கம்பி அனுப்புபவை. ஐந்தாவது வெளியூர் அஞ்சல். மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்துக்கும் கட்டளை போவது இங்கிருந்து. ஆறாவது தலாமஸுக்கே பதில் எழுதும். முதலாவதில் செல்கள் மிகக் குறைவு, கம்பிகள்தான் பின்னிக் கிடக்கும்.

இனி நீங்களே ஊகிக்கலாம். கட்டளை போடும் செயல் பட்டையில் எந்த அடுக்கு தடிமன்? ஐந்தாவது. 1874இல் கீவ் நகரத்து உடற்கூறியலாளர் பெட்ஸ் அங்கே கண்ட ராட்சத பிரமிடு செல்கள் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கின்றன. காலை அசைக்கும் செல் ஒன்றின் இழை ஒரு மீட்டர் அளவு கீழே இறங்கும். நாலாவது அடுக்கு அங்கே இருக்கிறதா என்றே தேட வேண்டும். பார்வைக்கு எது தடிமன்? நாலாவது. அதற்குள் ஓடும் வெள்ளைக் கோடு மைக்ராஸ்கோப் இல்லாமலே தெரியும். 1776இல் இத்தாலியின் பார்மாவில் ஜென்னாரி என்ற மருத்துவ மாணவர், உறைந்த மூளையை வெட்டும்போது அதைக் கண்டார். அது எதற்கு என்று அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இந்த அடுக்கு வித்தியாசங்களை வைத்தே ப்ராட்மன் என்ற ஜெர்மானியர் 1909இல் புறணியை எண் போட்டுப் பிரித்தார். செயல் பட்டை 4, முதல் பார்வைப் பகுதி 17. எண்களின் வரிசைக்குப் பெரிய அர்த்தம் தேட வேண்டாம், வெட்டிப் பார்த்த வரிசையில் போட்டது. மாத்திரைச் சீட்டில் பழைய கடைப் பெயர் தொடர்வதுபோல அந்த எண்களே இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. 2016இல் எம்ஆர்ஐ அளவைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது ஒரு பாதிக்கு 180 பகுதிகள் தேறின.

படி 6: ஒரு காட்சியைப் பின்தொடருங்கள்

பிடரி எலும்பு முண்டுக்குச் சற்று மேலே விரலை வையுங்கள். கண் முன்னால் இருக்கிறது, பார்வையின் முதல் புறணி தலையின் கடைக்கோடியில். வலது கண் இடது மூளைக்கு என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. இரு கண்களும் பார்க்கும் காட்சியின் வலது பாதி இடது மூளைக்கு, இடது பாதி வலது மூளைக்கு. பார்வையின் நட்டநடுப் புள்ளி பிடரி நுனியில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓரப்பார்வை உள்ளே தள்ளி, சிறிய இடத்தில். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கூர்மையாகத் தெரிவது அந்த நக அளவுதான், அதற்கு இங்கே ராஜ மரியாதை.

இந்த வரைபடம் போர்க்களத்திலிருந்து வந்தது. 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் சுட்ட துப்பாக்கிக் குண்டுகள் சிறியவை, வேகமானவை. மண்டையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறிவிடும், சிப்பாய் பிழைத்துக்கொள்வார். ஓய்வூதியத்துக்காக அவர்களின் பார்வை இழப்பை அளக்கும் வேலை இனோயே தாத்சுஜி என்ற இளம் கண் மருத்துவருக்கு வந்தது. குண்டு நுழைந்த துளை, வெளியேறிய துளை இரண்டையும் நேர்கோட்டில் இணைத்து, அது புறணியில் எங்கே தைத்தது, காட்சியில் எந்த மூலை இருண்டது என்று ஒப்பிட்டார். அந்தக் கணக்கு 1909இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. பென்ஷன் கணக்கிலிருந்து இப்படி ஒரு அறிவியல் பிறந்ததை நினைத்தால் வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்த இடத்தில் இருக்கும் செல்லுக்கு என்ன பிடிக்கும்? 1950களின் இறுதியில் ஹியூபல், வீஸல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பூனையின் கண்ணுக்குப் புள்ளி புள்ளியாக ஒளி காட்டி, அதன் பார்வைப் புறணியில் ஒரு செல்லைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். செல் அசைந்துகொடுக்கவில்லை. கண்ணாடிச் சில்லை மாற்றும்போது அதன் விளிம்பின் நிழல் நகர்ந்தது; செல் பொரிந்து தள்ளியது. அதற்குப் பிடித்தது புள்ளி அல்ல, குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் கோடு. பக்கத்துச் செல்லுக்குச் சற்றே வேறு சாய்வு. 1981இல் இதற்கு நோபல் பரிசு.

கோடுகளிலிருந்து முகமும் பேருந்தும் எப்படி வருகின்றன? இங்கிருந்து சேதி இரண்டு தடங்களில் பிரிகிறது. ஒன்று கீழே பொட்டு மடலுக்கு: இது என்ன, யார். மற்றது மேலே உச்சி மடலுக்கு: எங்கே இருக்கிறது, கையை எப்படி நீட்டுவது. கீழ்த்தடத்தின் அடிப்பரப்பில் ஓரிடம் கெட்டால் பெற்ற பிள்ளையின் முகமே அடையாளம் தெரியாது, குரல் கேட்டதும் தெரிந்துவிடும். இரண்டு தடமும் பிரியும் பக்கமாக, அசைவைப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. 1983இல் ஜெர்மனியில் பதிவான ஒரு பெண்ணுக்கு அது இருபுறமும் சேதமாகியிருந்தது. டீ ஊற்றும்போது தாரை உறைந்து நிற்பதுபோலத் தெரியும். கோப்பை நிறைவது தெரியாததால் எப்போது நிறுத்துவது என்று புரியாது. தெருவில் கார் தூரத்தில் இருக்கும், அடுத்த கணம் பக்கத்தில் இருக்கும்.

மேல்தடத்தில், வலது உச்சி மடலின் கீழ்ப்பகுதியில் அடிபட்டால் இன்னும் விநோதம். இடப்பக்க உலகமே அவர்களுக்கு இல்லாமல் போகும். தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னும் போடு என்பார்கள். தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவார்கள். இது கண்ணின் குறை அல்ல என்று நிரூபித்தது 1978இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு. மிலன் நகரத்துக்காரர்களிடம், ஊர்ப் பேராலயச் சதுக்கத்தில் ஆலயத்தைப் பார்த்து நிற்பதாகக் கற்பனை செய்து கடைகளைச் சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கக் கடைகள் மட்டும் வந்தன. இப்போது ஆலயப் படியில் நின்று எதிரே பார்ப்பதாக நினையுங்கள் என்றார்கள். முன்பு விட்டுப்போன கடைகள் எல்லாம் வந்தன, முன்பு சொன்னவை காணாமல் போயின.

படி 7: பேச்சு

காது விஷயம் சுருக்கமானது. கேட்கும் புறணி பக்கப்பள்ளத்துக்குள், பொட்டு மடலின் மேல்விளிம்பில் ஒளிந்திருக்கிறது. ஒவ்வொரு காதும் இரண்டு பக்கமும் சேதி அனுப்புவதால் ஒரு பக்கம் கெட்டாலும் செவிடாகிவிட மாட்டோம்.

பேச்சுதான் ஒருதலைப்பட்சம். வலக்கைக்காரர்களில் சுமார் 95 சதவீதத்தினருக்கு அது பெரும்பாலும் இடது பாதியில். இடக்கைக்காரர்களிலும் சுமார் 70 சதவீதத்தினருக்கு அப்படியே. 1861இல் பாரீஸில் பால் ப்ரோக்கா என்ற மருத்துவர், ‘டான்’ என்ற ஓர் ஒலியைத் தவிர வேறு பேச முடியாத லெபோர்ன் என்பவரை அவர் இறக்கும் தறுவாயில் பரிசோதித்தார். இறந்தபின் பார்த்தால் இடது நெற்றி மடலின் கீழ்ப்பகுதி சிதைந்திருந்தது. 1874இல் கார்ல் வெர்னிக்கே எதிர்மாறான நோயாளிகளை விவரித்தார்: பேச்சு மடைதிறந்த வெள்ளம், பொருள்தான் இல்லை, பிறர் சொல்வதும் புரியாது. சேதம் இடது பொட்டு மடலின் பின்பகுதியில்.

இதை முதல் விதியோடு சேர்த்துப் பாருங்கள். ப்ரோக்காவின் இடம் வாய், நாக்கை அசைக்கும் பட்டைக்கு நேர் முன்னால். வெர்னிக்கேயின் இடம் கேட்கும் புறணிக்கு நேர் பின்னால். முன்னால் செயல், பின்னால் உணர்வு. பக்கத்து வீட்டுத் தொழில்தான் இங்கும்.

லெபோர்னின் மூளை பாரீஸில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. 2007இல் அதை எம்ஆர்ஐ எடுத்தபோது, சேதம் ப்ரோக்கா சொன்ன இடத்தைத் தாண்டி அடியிலிருக்கும் கம்பிக் கட்டுவரை போயிருந்தது தெரிந்தது. அந்தச் சிறு இடம் மட்டும் கெட்டால் பேச்சு பெரும்பாலும் திரும்பிவிடுகிறது. வீடு இடிந்ததைவிடக் கம்பி அறுந்ததுதான் பெரிய நஷ்டம். இடது மூளைக்காரர் கணக்குப்பிள்ளை, வலது மூளைக்காரர் கலைஞர் என்று வாட்ஸ்அப்பில் வருவதை இந்த இடத்தில் அழித்துவிடலாம்.

படி 8: நெற்றிக்குப் பின்னால்

செயல் பட்டைக்கு முன்னால், அசைவுகளை வரிசைப்படுத்தும் பகுதி. அதற்கும் முன்னால், நெற்றிவரை, எந்தத் தசையையும் நேரடியாக அசைக்காத பெரும் பரப்பு. பின்பாதியில் சேர்ந்த சேதிகள் எல்லாம் இங்கே வந்து, ‘இப்போது வேண்டாம், அப்புறம்’ என்று சொல்லும் திறமையாகின்றன. முதிர்வது கடைசியில், இருபதுகளின் நடுப்பகுதிவரை ஆகும்.

இங்கே எல்லோரும் சொல்லும் கதை ஃபினியஸ் கேஜ். 1848 செப்டம்பர் 13, அமெரிக்காவின் வெர்மான்ட். ரயில் பாதைக்குப் பாறை உடைக்கும்போது வெடிமருந்து வெடித்து, 1.1 மீட்டர் நீளமும் 6 கிலோ எடையும் உள்ள இரும்புக் கம்பி இடது கன்னத்தில் நுழைந்து உச்சி வழியே பறந்தது. பிழைத்தார், ஆனால் முரடராக, நிலையில்லாதவராக மாறினார் என்று அவருடைய மருத்துவர் ஹார்லோ எழுதினார். கதை வழக்கமாக இங்கே முடியும். அதன்பின் அவர் சிலி நாட்டுக்குப் போய்ப் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நேரம் தவறாமல், பயணிகளைச் சமாளித்து, பல குதிரைகளின் கடிவாளத்தைப் பிடிக்கும் வேலை அது. நெற்றிப் புறணியில் அவ்வளவு இழந்தவர் அதைச் செய்தார் என்பதுதான் என் பார்வையில் கதையின் சுவையான பாதி.

படி 9: வரைபடம் அழியுமா?

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், கலிபோர்னியாவில் 1990களில் ஒரு பஞ்சுக் குச்சியைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். கை துண்டிக்கப்பட்டவரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத கையின் விரலைத் தொடுவதுபோல இருக்கிறது என்று அந்த நோயாளி சொன்னார். படி 4இல் சொன்ன பக்கத்து வீடு ஞாபகம் வருகிறதா? கையின் இடம் காலியாகவும் பக்கத்திலிருந்த முகம் எல்லையைத் தாண்டிக் குடியேறிவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம்.

இந்த விளக்கம் இப்போது சர்ச்சையில் இருக்கிறது. 2025இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கையை எடுப்பதற்கு முன்பும் பின்பும் அதே நபர்களை ஸ்கேன் செய்தார்கள். இல்லாத கையை அசைக்கச் சொன்னால், பழைய வரைபடம் ஆண்டுகள் கழித்தும் ஸ்கேனில் அப்படியே ஒளிர்ந்தது. வீட்டுக்காரர் காலி செய்யவே இல்லை போலிருக்கிறது. அதே சமயம், சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் ப்ரெயில் எழுத்தைத் தடவும்போது அவர்களின் பிடரிப் புறணி வேலை செய்வதை 1996இலேயே பார்த்துவிட்டார்கள். வளரும் வயதில் வரைபடம் நன்றாகவே வளைகிறது. வளர்ந்தபின் நாம் நினைத்ததைவிடப் பிடிவாதமாக இருக்கிறது. இப்போதைக்கு நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

படி 10: ரத்தக் குழாயை வைத்துக் கணக்குப் போடுங்கள்

ஒரு பாதிக்கு மூன்று குழாய்கள். முன் தமனி நடுச் சுவரை நனைக்கிறது, அதாவது காலின் இடம். நடுத் தமனி பக்கப்பள்ளம் வழியாக வெளிப்பக்கம் முழுவதும் பரவுகிறது: கை, முகம், பேச்சு. பின் தமனி பிடரிக்கு. எது அடைக்கிறதோ அது நனைக்கும் இடம் படுத்துவிடும், பக்கவாதம் பெரும்பாலும் இதுதான்.

கணக்குக்கு முன் ஒன்று. வீட்டில் யாருக்காவது வாய் கோணி, கை தொங்கி, பேச்சு குழறினால் எந்தத் தமனி என்று யோசிக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். பெரிய குழாய் அடைத்தால் சராசரியாக நிமிடத்துக்கு 19 லட்சம் நியூரான்கள் போகின்றன. அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. முதல் அறிகுறி எத்தனை மணிக்கு என்பதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

சரி, இனி பயிற்சிக்கு. ஒருவருக்கு வலது கால் மட்டும் தளர்ந்திருக்கிறது, கையும் முகமும் நன்றாக இருக்கின்றன. எதிர்ப்பக்கம், நடுச் சுவர்: இடது முன் தமனி. இன்னொருவருக்கு வலது முகமும் கையும் விழுந்துவிட்டன, காலில் ஓரளவு பலம் இருக்கிறது, பேச்சு வரவில்லை: இடது நடுத் தமனி.

மூன்றாமவர் ஓர் அம்மா. நடக்கும்போது இடப்பக்கக் கதவுநிலையில் இடித்துக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் குறை என்றால் புறணியை விட்டுவிடலாம், கண்ணையோ அதன் நரம்பையோ பார்க்க வேண்டும். இரண்டு கண்ணிலும் இடது பாதி இல்லையென்றால் இரண்டு வழி இருக்கிறது: வலது பிடரி மடல், அல்லது வலது உச்சி மடல். முதலாவது என்றால், அந்தப் பக்கம் தெரியவில்லை என்று அவருக்கே பெரும்பாலும் தெரியும், தலையைத் திருப்பித் திருப்பிச் சமாளிப்பார். இரண்டாவது என்றால் எனக்கு ஒன்றுமில்லையே என்பார். ஒரு தாளில் வட்டம் போட்டுக் கொடுத்துக் கடிகாரத்தின் எண்களை எழுதச் சொல்லுங்கள். பன்னிரண்டையும் வலது பாதிக்குள் நெருக்கி எழுதிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தால், உங்கள் நண்பரின் மொட்டையில் இரண்டு கோடுகளுக்கும் பின்னால், பக்கப்பள்ளம் முடியும் இடத்துக்குச் சற்று மேலே, வலப்பக்கமாகப் பேனாவை வையுங்கள்.